முந்நூறு போட்டிருக்கிறது, நாற்பதுதான் வருகிறது

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கடைத்தெருவில் கடை, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி உளுந்துக் கிடங்கு. இரண்டுக்கும் நடுவே 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒரு ஜோடி, இரண்டு பக்கமும் 23 டெசிபெல் தட்டு ஆன்டெனா (சிக்னல் எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அளவு டெசிபெல்). பெட்டியில் 300 மெகாபிட் என்று அச்சடித்திருக்கிறது. மாசியில் மாட்டிய அன்று 90 வந்ததாம். இப்போது மழைக்காலத்தில் காலையில் 40, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் 12. மழை வலுத்தால் கிடங்குக் கேமராவின் படம் உறைந்து நிற்கிறது. விற்றவரிடம் கேட்டால், "தட்டைப் பெரிதாக்கு, 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ரேடியோவாக மாற்று" என்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி. கூடவே ரேடியோவின் திரையையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்: அனுப்பும் சக்தி 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்), வந்துசேரும் சிக்னல் மைனஸ் 67, இரைச்சல் காலையில் மைனஸ் 91, சாயங்காலம் மைனஸ் 84, சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ்.

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. ரங்கூனிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருடங்களாகக் கூரை ஏறி ரேடியோ மாட்டுகிறவன் நான். வேகம் குறைந்தது என்று கூப்பிட்ட இடங்களில் பெட்டியை மாற்றித் தீர்ந்த வழக்குகள் மிகக் குறைவு. வேகம் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் அந்த 300-ஐப் பார்ப்போம். அது பொய் இல்லை. ஆனால் ஃபைல் ஒன்றை அனுப்பினால் கிடைக்கும் வேகமும் அது இல்லை. ரேடியோ பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடித்துளியில் பிட்டுகள் என்ன வேகத்தில் காற்றில் போகின்றன என்பதுதான் 300. அது வருவதற்கு நான்கு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் சேனல் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு டேட்டா ஓட்டங்கள் போக வேண்டும். உங்கள் தட்டில் ஒன்று நின்றவாக்கில், இன்னொன்று படுத்தவாக்கில் என்று இரண்டு போலரைசேஷனில் அவை போகின்றன. 64 க்வாம் என்ற நுணுக்கமான மாடுலேஷன், அதாவது பிட்டுகளை அலையில் ஏற்றும் முறை, தாங்க வேண்டும். அதில் ஒரு குறியீட்டில் ஆறு பிட் அடங்கும். குறியீடுகளுக்கு நடுவில் விடும் இடைவெளியும் சுருக்கமாக இருக்க வேண்டும். சிக்னல் மோசமானால் ரேடியோ தானாகவே கீழிறங்கும்: ஆறு பிட்டிலிருந்து நான்கு, இரண்டு, ஒன்று. அதே சேனல், அதே இரண்டு ஓட்டம், ஆனால் 300 இருந்த இடத்தில் 30. பத்தில் ஒரு பங்கு.

அந்த 300 முழுதாகக் கிடைத்தாலும் அது முழுவதும் உங்கள் சரக்கு அல்ல. இந்த ரேடியோ ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பேசும் அல்லது கேட்கும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. பேசுவதற்கு முன் காற்று காலியா என்று காது கொடுத்துக் கேட்கிறது. காலி என்றாலும் சில மைக்ரோசெகண்ட் பொறுக்கிறது. பிறகு முகவுரைபோல ஒரு தொடக்கச் சிக்னல், அப்புறம் சரக்கு, அப்புறம் எதிர்முனையின் "வந்து சேர்ந்தது" என்ற ரசீது. ரசீது வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தச் சடங்குகளுக்கே கணிசமான நேரம் போய்விடும். நல்ல நிலையில் இருக்கும் இணைப்பில்கூட பெட்டி எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அது நல்ல விளைச்சல். டேட்டாவைச் சிறுசிறு பாக்கெட்டாக, அதாவது பொட்டலமாக, அனுப்பினால் இன்னும் மோசம். ஒரு கைப்பிடி உளுந்தை ஏற்றிக்கொண்டு டலா படகு ரங்கூன் ஆற்றைக் கடப்பதுபோல. பல பாக்கெட்டுகளை ஒரே பயணத்தில் கட்டி அனுப்பும் வழி வைஃபையின் 802.11என் தலைமுறையிலிருந்து வந்தது, அதனால்தான் நிலைமை இந்த அளவுக்காவது இருக்கிறது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாசியில் உங்களுக்கு 90 வந்ததல்லவா? அது ரேடியோவின் எல்லையாக இருக்க வாய்ப்பில்லை, வயரின் எல்லையாகத்தான் இருக்கும். காற்றில் 300 பேசும் ரேடியோக்கள் பலவற்றின் அடியில் வயர் செருகும் ஈதர்நெட் போர்ட் வெறும் 100 மெகாபிட். அதில் ஃபைல் அனுப்பினால் உச்சமே 94 வாக்கில்தான். அந்தப் போர்ட்டை வைத்துக்கொண்டு 80 மெகாஹெர்ட்ஸுக்கு ஆசைப்படுவது வாசலை அகலப்படுத்தாமல் வீதியை மட்டும் அகலப்படுத்துவது. உங்கள் ரேடியோவின் போர்ட் வேகத்தை அமைப்புப் பக்கத்தில் பாருங்கள்.

சரி, இப்போது சிக்னலுக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை இங்கேதான். காற்றில் எந்தத் தடையும் இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டரில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 117 டெசிபெல் இழக்கும். இது கணக்கு, ஊருக்கு ஊர் மாறாது. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். உங்கள் சக்தி 20, இந்தத் தட்டு 23, அந்தத் தட்டு 23, மொத்தம் 66. அதில் 117-ஐக் கழித்தால் மைனஸ் 51. கேபிள், கோணம் என்று இரண்டு மூன்று டெசிபெல் முன்னே பின்னே போகலாம். ஆனால் உங்களுக்கு வருவது மைனஸ் 67. அதாவது 16 டெசிபெல் காணோம். டெசிபெல் லாக் கணக்கு என்பதால் 16 சின்னதாகத் தெரிகிறது. சக்தியில் அது நாற்பதில் ஒரு பங்கு. பெரிய தட்டு போட்டால் ஒரு பக்கத்துக்கு ஐந்து, ஆறு டெசிபெல் கூடும். நாற்பதில் ஒரு பங்காகிவிட்ட சிக்னலை அப்படி ஈடுகட்டுவதற்கு முன், அது எங்கே போயிற்று என்று தேட வேண்டாமா?

இந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் என்ன உறவு என்பதை 1948-இலேயே கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுதிவிட்டார். ஒரு சேனலில் பிழையில்லாமல் எவ்வளவு செய்தி போக முடியும் என்பது சேனலின் அகலத்தையும், சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு என்பதையும் பொறுத்தது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், ஒரு ஓட்டத்துக்கு, சிக்னல் இரைச்சலைவிட 30 டெசிபெல் மேலே நின்றால் உச்சவரம்பு நொடிக்கு சுமார் 199 மெகாபிட். 20 டெசிபெல் என்றால் 133. 10 என்றால் 69. நடைமுறை ரேடியோ இந்த வரம்பைத் தொடாது, ஆனால் இதைத் தாண்டவே முடியாது. என்ன பெயர் ஒட்டிய பெட்டியாக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் ஓட வேண்டும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே உங்களுக்குக் காலையில் இடைவெளி 24, சாயங்காலம் 17. காணாமல் போன 16 திரும்பக் கிடைத்தால் சாயங்காலத்திலும் 33 ஆகிவிடும். புதுப் பெட்டி எதுவும் தராத லாபம் அது.

எங்கே போயிருக்கும்? நீங்கள் மாட்டியது மாசியில். உங்கள் பக்கத்தில் தேக்கு நிறைய. கோடையில் தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். முதல் மழை விழுந்ததும் முறம் அகலத்துக்கு இலை விடும். மாசியில் கிடங்கு வரை கண்ணுக்குத் தெரிந்த பாதை ஆடியில் தெரியாது. இலை அடர்ந்த ஒரு மரம் 5.8 கிகாஹெர்ட்ஸில் 10, 20 டெசிபெலை சாதாரணமாக விழுங்கிவிடும். நனைந்த இலை இன்னும் அதிகம் விழுங்கும். காற்றடித்தால் இலை அசையும், சிக்னலும் கூடவே ஏறி இறங்கும். எந்த மாடுலேஷனில் பேசுவது என்று நிலைகொள்ள முடியாமல் ரேடியோ தடுமாறும். மழையில் படம் உறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

"மரம் குறுக்கே இல்லை அண்ணே, கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது" என்று சொல்வீர்கள். அது போதாது. ரேடியோ அலை கட்டுக்கம்பிபோல ஒற்றைக் கோடாகப் போவதில்லை. இரண்டு முனையிலும் மெலிந்து நடுவில் பருத்த ஒரு வாழைக்காய் வடிவத்தை மனதில் வையுங்கள். ஃப்ரெனல் மண்டலம் என்று அதற்குப் பெயர். உங்கள் மூன்று கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் ஆறு மீட்டருக்குச் சற்று மேல். அதில் 60 சதவீதமாவது சுத்தமாக இருக்க வேண்டும் என்பது துறை வழக்கம். அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே, நடுவழியில், கிட்டத்தட்ட பன்னிரண்டு அடிக்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மர உச்சி கோட்டைத் தொடாமல் நாலடி கீழே நின்றாலும் அது உங்கள் சிக்னலைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

பாதை முழுக்கச் சுத்தமாக இருந்தும் ஏமாந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நீங்களும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பவர். ரங்கூன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்ட்ராண்ட் ரோட்டை ஒட்டி ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் டலாவில் பருப்புக் கிடங்கு. நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். மரம் இல்லை, கட்டடம் இல்லை, வெறும் தண்ணீர். மாட்டிவிட்டு வந்த மறுநாளே போன்: "லைன் விழுகிறது." நான் போய்ப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. திரும்பி வந்தால் மறுபடி போன். கிடங்குக் கணக்கப்பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, விழும் நேரத்தை மட்டும் குறித்துவைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டைப் பிரித்தபோது பக்கம் பக்கமாக ஒரே ஒழுங்கு. ஒரு நாளைக்கு நான்கு முறை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி. நான் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்தான் சொன்னார்: "இது ஆற்று ஏற்றவற்றம் மாதிரி இருக்கிறதே."

அதேதான். ரங்கூன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. தட்டிலிருந்து கிளம்பும் அலை நேராக ஒன்று போகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்து இன்னொன்று போகிறது. தெறித்த அலை சில சென்டிமீட்டர் அதிகம் நடக்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே ஐந்து சென்டிமீட்டர்தான். நீர்மட்டம் சில மீட்டர் ஏறும்போது அந்த வித்தியாசம் மாறிக்கொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் இரண்டு அலைகளும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஏறும்போது ஒரு முறை அந்த மட்டத்தைத் தாண்டும், இறங்கும்போது ஒரு முறை. நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; ஆக நான்கு முறை. தட்டைச் சாய்த்துப் பயனில்லை, ஏனென்றால் இரண்டு அலைக்கும் உள்ள கோண வித்தியாசம் ஒரு டிகிரியைத் தொடாது. சக்தியைக் கூட்டியும் பயனில்லை, அழிக்கிற அலையும் சேர்ந்தே பலமாகும். கடைசியில் அதே கம்பத்தில் ஏழெட்டு அடி கீழே இரண்டாவது தட்டும் ரேடியோவும் மாட்டி, எது நன்றாக இருக்கிறதோ அதில் போகும்படி ரௌட்டரில் வைத்தோம். மேல் தட்டு குருடாகும் நேரத்தில் கீழ்த் தட்டுக்குக் கண் தெரியும். அன்றிலிருந்து அந்த லைன் நிற்கவில்லை. மோல்மேனிலிருந்து மார்த்தபானுக்கோ பீலூ தீவுக்கோ தன்லுவின் ஆற்றுக்கு மேலாக யாராவது ரேடியோ போடுவதானால் இதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. "மழை பெய்தால் சிக்னல் போகத்தான் செய்யும்" என்று சொல்லி விடுகிறார்கள். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் அது உண்மை. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கொட்டும் மழையில் அது கிலோமீட்டருக்கு 30 டெசிபெல் அளவுக்குப் பறிகொடுக்கும். மழையே இல்லாவிட்டாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் எடுத்துக்கொள்ளும் அலைவரிசை அது. ஆனால் உங்கள் 5.8-இல் அதே பேய்மழைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுதான் இழப்பு. மூன்று கிலோமீட்டருக்கு மூன்று. நல்ல இணைப்பு அதை உணரவே உணராது. மழையில் 5.8 படுத்துவிடுகிறது என்றால் நனைந்த மரம், கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர், காற்றில் திரும்பிய தட்டு, இந்த மூன்றில் ஒன்று.

கனெக்டர் என்றதும் ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியம் ஊரில் பார்த்த ஒன்று ஞாபகம் வருகிறது. ரேடியோ திரையில் எல்லாம் அழகாக இருந்தது, காற்றில் 270 காட்டியது. ஃபைல் அனுப்பினால் 9 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ஏணி போட்டு ஏறி ரேடியோவின் அடி மூடியைத் திறந்தேன். கேபிள் மேலிருந்து நேராக இறங்கி உள்ளே போயிருந்தது. மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து பிளக்குக்குள் இறங்கியிருக்கிறது. எட்டு ஊசிகளில் ஆறு பொன்னிறம், இரண்டின் மேல் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. 100-இல் பேச வேண்டிய போர்ட், முடியாமல் 10-க்கு இறங்கி உட்கார்ந்திருந்தது. கேபிளை ஒரு சாண் வெட்டி, புதுப் பிளக் போட்டு, பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு தொட்டில்போலத் தொங்கி மேலேறும்படி வளைத்துக் கட்டினேன். தண்ணீர் அந்தத் தொட்டிலின் அடியில் சொட்டிப் போய்விடும். செலவு ஒரு பிளக். மழை நாட்டில் ரேடியோ மாட்டுகிற ஒவ்வொருவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. செய்யாமல் விட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்து உங்கள் சாயங்காலப் பிரச்சினை. இரைச்சல் மைனஸ் 91-இலிருந்து மைனஸ் 84-க்கு ஏறுகிறது என்றால், அது அக்கம்பக்கத்து மக்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ரௌட்டரைப் போடும் சத்தம். அந்த எண்ணும் சராசரிதான். திடீர் திடீரென்று வெடித்து வரும் குறுக்கீடு அதில் தெரியாது. இங்கே இரண்டு விதமாக அடி விழுகிறது. மற்றவர் பேசுவது உங்கள் ரேடியோவுக்குக் கேட்டால் அது மரியாதையாக வாய் மூடிக் காத்திருக்கும், நேரம் போகும். கேட்காவிட்டால், இதுவும் பேச அதுவும் பேச, எதிர்முனையில் இரண்டும் மோதிச் சிதறும். மறுபடி அனுப்ப வேண்டும், அதிலும் நேரம் போகும். கடை மாடியில் இருக்கும் உங்கள் ரேடியோவுக்கு, கிடங்குப் பக்கத்து வீட்டு ரௌட்டரின் பேச்சு எப்படிக் கேட்கும்? கேட்காது. ஆனால் கிடங்கில் இருக்கும் ரேடியோவின் காதில் அது உரக்க விழும்.

காற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் இந்தச் சிக்கல் வயர்லெஸ் வலையமைப்பு பிறந்த நாளிலிருந்தே உள்ளது. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை ரேடியோவால் இணைத்து அலோஹாநெட்டை ஓட்டினார்கள். அதில் யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசலாம், மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசலாம். அப்படி விட்டால் சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் பேசலாம் என்று விதி வைத்தால் அது இரட்டிப்பாகி சுமார் 37 சதவீதமாகும். இன்றைய வைஃபை பேசுமுன் கேட்பதால் இதைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் பேசுபவர் காதுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் மறுபடி அந்தப் பழைய நிலைமைதான். கம்பத்துக்குக் கம்பம் போடும் வெளி ரேடியோக்கள் பலவற்றில் முறை வைத்துப் பேசும் அமைப்பு ஒன்று இருக்கும், உங்களுடையதில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் சாதாரண வைஃபை முறையில் ஓட்டுவதாக இருந்தால் தூர அமைப்பில் மூன்று கிலோமீட்டர் என்று சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோசெகண்ட். ரசீதுக்குக் காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால், வந்துகொண்டிருக்கும் ரசீதை வரவில்லை என்று நினைத்து ரேடியோ அதே சரக்கை மறுபடி மறுபடி அனுப்பும்.

80 மெகாஹெர்ட்ஸ் யோசனையை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரியும். சேனலை இரண்டு மடங்கு அகலமாக்கினால் உள்ளே வரும் இரைச்சலும் இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபெல் நஷ்டம். அது பெரிதில்லை. பெரிய நஷ்டம், அகலமாக விரிக்க விரிக்க அடுத்தவர் சேனல் மேல் விழுவீர்கள், அவர்கள் உங்கள் மேல் விழுவார்கள். நான் சொல்வது நேர் எதிர்: 40-இலிருந்து 20-க்கு இறக்குங்கள். 20-இல் உச்ச எண் 144. உங்கள் போர்ட் 94-க்கு மேல் தராது என்றால், காற்றில் 300 பேசி என்ன பயன்? 144-ஐ இடறாமல் பேசும் ரேடியோ, 300-க்கு ஆசைப்பட்டு ஆயிரம் தடவை திரும்பத் திரும்பச் சொல்லும் ரேடியோவைவிட அதிகச் சரக்கை அக்கரை சேர்க்கும். பலருக்கு இதை நம்பவே முடிவதில்லை. இரண்டு நிமிட வேலை, செய்து பாருங்கள்.

எந்தச் சேனல் காலி என்று ஸ்கேன் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் இல்லாத நேரத்தில், பேட்டரியில் ரேடியோவை ஓட்டி ஸ்கேன் எடுத்தால் எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் எல்லாம் அணைந்திருக்கின்றனவே. கரண்ட் வந்ததும் தெருவே ஒன்றாக விழித்துக்கொள்ளும், தானாகச் சேனல் தேடும் ரௌட்டர்கள் புதிதாக இடம் பிடிக்கும். நேற்றுக் காலியாக இருந்த இடம் இன்று நிரம்பியிருக்கலாம். அதனால் தெருவில் கரண்ட் இருக்கும் சாயங்காலத்தில், ஏழிலிருந்து ஒன்பதுக்குள், இரண்டு முனைகளிலும் எடுங்கள். ஒரு முனையில் எடுத்தது மற்ற முனைக்குச் செல்லாது.

உங்கள் கேமராக்களையும் விட்டுவிடாதீர்கள். கிடங்கில் ஆறு கேமரா, படம் கடைக்கு வந்து பதிவாகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கேமரா 4 மெகாபிட் என்றால் 24 மெகாபிட் எந்நேரமும் அந்த லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சோதனையில் பார்க்கும் 40 அது போக மிச்சம். இருட்டியதும் கேமரா படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். பிட் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தால், அந்தப் புள்ளிகளையும் படமாக நினைத்து கேமரா அதிக டேட்டா அனுப்பும். உங்கள் சாயங்கால 12-க்கு அக்கம்பக்கம் மட்டுமல்ல, உங்கள் கேமராவும் காரணமாக இருக்கலாம். பிட் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

அப்புறம், சோதனையை எதில் செய்கிறீர்கள்? கிடங்குக்குள் தகரக் கூரைக்கு அடியில் நின்று போனில் வேகம் பார்த்தால் அது ரேடியோ லைனின் வேகம் அல்ல, கிடங்கு வைஃபையின் வேகம். அந்த வைஃபையில் ஒரே ஒரு போன் மூலையில் தள்ளி நின்று மெதுவாகப் பேசினாலும் எல்லாருக்கும் இழப்பு. ஒருவர் 60-இல் பேசுகிறார், இன்னொருவர் 6-இல் பேசுகிறார், இருவருக்கும் மாற்றி மாற்றி ஒரு பாக்கெட் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் இருவருக்குமே ஐந்தரைதான் கிடைக்கும். வேகமானவர் மெதுவானவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறார், ஏனென்றால் காற்றின் நேரத்தில் பெரும்பகுதியை மெதுவானவர் எடுத்துக்கொள்கிறார். செல்போன் கோபுரத்தில் இந்த நேரத்தை யாருக்கு எவ்வளவு என்று கோபுரமே பங்கு வைக்கிறது. ஆனாலும் கோபுரம் ஒரு திசைக்கு 20 மெகாஹெர்ட்ஸில் தரும் 150 மெகாபிட்டை அந்தத் திசையில் இருக்கும் அத்தனை பேரும்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். 2014-இல் புதுக் கம்பெனிகள் வந்து சிம் விலை 1,500 சாட்டுக்கு இறங்கியபோது வீட்டுக்கு வீடு போன் வந்தது. கோபுரத்துக் காற்று மட்டும் அந்த வேகத்தில் பெருகவில்லை.

கடையிலிருந்து வெளிநாட்டு சர்வருக்குப் போகும் வேகத்தை வைத்தும் ரேடியோவை எடை போடாதீர்கள். தூரத்துச் சர்வருக்குப் போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகிறது, நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைகிறது என்றால், இணையத்தில் பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி விதிமுறையின் பழைய வழிமுறைப்படி ஒரு தொடர்பில் கிடைப்பது நொடிக்கு 1.4 மெகாபிட் வாக்கில்தான், நடுவில் எவ்வளவு பெரிய குழாய் இருந்தாலும். தொலைந்த பாக்கெட்டை நெரிசலின் அடையாளமாக நினைத்து அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். இன்று சாயங்காலமே ரேடியோவின் உள்ளேயே இருக்கும் சோதனையை, ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு, கேமராக்களை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களின் சிக்னலும் தனித்தனியாகத் திரையில் இருக்கும். இரண்டும் இரண்டு மூன்று டெசிபெலுக்குள் இருக்க வேண்டும். ஒன்று மைனஸ் 66, மற்றது மைனஸ் 78 என்று இருந்தால் மரத்தை விடுங்கள், தட்டுக்கும் ரேடியோவுக்கும் நடுவிலுள்ள சிறு கேபிளில் தண்ணீர் போயிருக்கிறது. இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் பாதையில்தான் பழுது. பிறகு 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஸ்கேனில் காலியாகத் தெரிந்த சேனலில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். இந்த இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

மழை விட்ட ஓர் இரவில், பிரகாசமான டார்ச்சோடு ஒருவரைக் கிடங்குக் கம்பத்தடியில் நிறுத்தி, நீங்கள் கடை மாடியில் தட்டின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தரையில் நின்று பார்ப்பது பார்வையே ஆகாது. வெளிச்சம் தெரியவில்லை அல்லது மினுமினுத்து மறைகிறது என்றால் இலைதான். மரம் உங்களுடையதாக இருந்தால்கூட வெட்ட வேண்டாம். கிளை இந்த வருடம் போனால் அடுத்த வருடம் வந்துவிடும். கிடங்குப் பக்கத்துக் கம்பத்தை இரண்டு மூன்று மீட்டர் உயர்த்துவது நிரந்தரம். உயர்த்தினால் இழுகம்பியும் எர்த்தும் சரியாக இருக்கட்டும், இடி முழங்கும் நாளில் யாரும் மேலே ஏற வேண்டாம். ஏறுகிற அன்றைக்கே பிளக்கைக் கழற்றி ஊசிகளைப் பார்த்து, கேபிளைத் தொட்டில் போட்டுக் கட்டிவிடுங்கள். தட்டைத் திருப்பிச் சரிசெய்யும்போது பொறுமையாக முழு வீச்சும் திருப்பிப் பாருங்கள். சிக்னல் ஓரிடத்தில் ஏறி இறங்கும், அதுவே உச்சம் என்று முடுக்கிவிடுகிறார்கள், அது பக்கவாட்டுக் கதிராக இருக்கும். உண்மையான உச்சம் இன்னும் சில டிகிரி தள்ளி, பத்துப் பதினைந்து டெசிபெல் மேலே நிற்கும்.

மைனஸ் 55-க்கு மேலே வந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், போர்ட்டை கிகாபிட்டாக மாற்றுவது உங்களுக்குத் தேவையா என்று அப்போது பேசலாம். வராவிட்டால் அந்த இரண்டு ஓட்டங்களின் எண்களையும், தட்டின் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தையும் அனுப்புங்கள்.